அடி வாங்கிய ராக் ஆல்பங்களுக்கு வக்காலத்து: கதை வேண்டாம், இடத்தைக் காட்டுங்கள்

பி_சைடு எழுதியது:

போன வாரம் ஓடிய "எக்காலத்துக்கும் சிறந்த பத்து" இழையைப் பார்த்திருப்பீர்கள். நூற்றுச் சொச்சம் பதிவு. கடைசியில் நின்றது அதே ரூமர்ஸ், அதே டார்க் சைட் ஆஃப் தி மூன், அதே லெட் செப்பலின் நான்கு. தப்பில்லை, நல்ல ஆல்பங்கள்தான். ஆனால் அவற்றைப் பற்றிப் பேச இனி என்ன மிச்சம் இருக்கிறது?

அதனால் இந்த இழை எதிர்ப்பக்கம். வெளிவந்த அன்று விமர்சகர்கள் கிழித்துப் போட்ட ஆல்பம், அல்லது இன்றுவரை ரசிகர்களையே இரண்டு கட்சியாக்கி வைத்திருக்கும் ஆல்பம், ஏதாவது ஒன்றுக்கு வக்காலத்து வாங்குங்கள். இரண்டே நிபந்தனை. "கேட்கக் கேட்கப் பிடித்துவிடும்" என்று சொல்லக்கூடாது. கேட்கக் கேட்க எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் சத்தம்கூடத்தான் எனக்குப் பழகிவிட்டது. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் அந்த ஆல்பம் ஜெயிக்கிறது என்று கை நீட்டிக் காட்டுங்கள். அப்புறம், அதே ஆல்பத்தில் தண்டப் பாட்டு எது என்பதையும் நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டும்.

நானே ஆரம்பிக்கிறேன். ஃப்ளீட்வுட் மேக், டஸ்க், 1979.

இதே குழுவின் ரூமர்ஸ் 1977இல் வந்து அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 31 வாரம் முதலிடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. அடுத்தது இன்னொரு ரூமர்ஸ்தான் என்று எல்லோரும் இலை போட்டுக் காத்திருந்தார்கள். வந்தது 20 பாட்டு கொண்ட இரட்டை எல்பி, அதாவது இரண்டு பெரிய இசைத்தட்டு. தயாரிப்புச் செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தக் காலத்துக்கு அது பைத்தியக்காரத் தொகை. கடை விலை 15.98 டாலர். இங்கிலாந்தில் முதலிடம், அமெரிக்காவில் நான்காம் இடம் வந்தும் அதைத் தோல்வி என்றார்கள். ரூமர்ஸின் தம்பியாகப் பிறந்ததுதான் அதன் குற்றம்.

20 பாட்டில் ஒன்பது லிண்ட்சி பக்கிங்ஹாம் எழுதியவை, ஆறு கிறிஸ்டின் மெக்வி, ஐந்து ஸ்டீவி நிக்ஸ். பக்கிங்ஹாம் அப்போது புதிதாகக் கிளம்பிய ராக் பாணிகளான பங்க், நியூ வேவ் எல்லாம் கேட்டுவிட்டு, பளபளப்பாக வாசிப்பதே பாவம் என்ற மனநிலையில் இருந்தார். தன் பாட்டுகளில் சிலவற்றை வீட்டிலேயே தனியாகப் பதிவு செய்தார்.

இப்போது இடம். முதல் பாட்டு ஓவர் அண்ட் ஓவர். கிறிஸ்டினின் குரல், மெதுவான நடை, சாயங்கால வெளிச்சம் மாதிரி ஒரு கிட்டார். ரூமர்ஸ் ரசிகர் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவார். அது முடிந்த அடுத்த நொடி தி லெட்ஜ். கம்பி தளர்ந்த மாதிரி ஒரு கிட்டார், அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல டிரம்ஸ், வாய்க்குள்ளேயே முனகும் பாட்டு. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த இரண்டு பாட்டுக்கும் நடுவே ஒரு மடிப்பு இருக்கிறதே, அதுதான் நான் காட்டும் இடம். ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்கள் அடுத்தடுத்த அறையில் இருப்பது காதில் விழுகிறது. ரூமர்ஸில் குழுவுக்குள் நடந்த அந்தச் சண்டை பாட்டின் வரிகளில் இருந்தது. இங்கே ஒலியிலேயே இருக்கிறது.

தண்டம்: நாட் தட் ஃபன்னி. பேருக்கேற்ற பாட்டு.

எதிர்ப்பாட்டு எழுதியது:

20இல் எட்டைத் தூக்கிவிட்டால் அருமையான ஒற்றை எல்பி. இதைச் சொல்ல 45 வருஷமா?

ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்கள் என்பதெல்லாம் நீங்கள் படித்த பேட்டிகள். குழுவுக்குள் யார் யாரைப் பிரிந்தார் என்று தெரியாத ஒருவனை உட்கார வைத்து தி லெட்ஜ் போட்டுக் காட்டுங்கள். "ரெக்கார்டிங் கெட்டுப்போச்சா?" என்றுதான் கேட்பான். என் மனைவி அதையேதான் கேட்டார்.

காந்த_நாடா எழுதியது:

பி_சைடு, நீங்கள் கேட்டது எந்தப் பிரதி? எல்பியா, சிடியா?

பி_சைடு எழுதியது:

சிடி. கல்லூரியில் படிக்கும்போது அறை நண்பனிடம் வாங்கியது. இன்னும் திருப்பித் தரவில்லை.

காந்த_நாடா எழுதியது:

அப்படியென்றால் நீங்கள் டஸ்க்கை முழுசாகக் கேட்டதே இல்லை. பழைய சிடியில் ஒரே தட்டுக்குள் அடக்குவதற்காக சாரா பாட்டை வெட்டிவிட்டார்கள். எல்பியில் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு, சிடியில் சிங்கிளுக்காகச் சுருக்கிய நாலரை நிமிடப் பிரதியாகிவிட்டது. போனது வெறும் நிரவல் இல்லை, ஒரு பத்தியே போய்விட்டது. ஆல்பத்தின் நெஞ்சு அந்தப் பாட்டு. நெஞ்சில் கத்தரி வைத்த பிரதியை வைத்துக்கொண்டு வக்காலத்து வாங்குகிறீர்கள். வக்கீலே சாட்சியைப் பார்க்காத வழக்கு.

இதை நான் குத்திக் காட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊரில் ஒரு கேசட் கடை இருந்தது. பெயர் வேண்டாம். எல்பியிலிருந்து கேசட்டில் ஏற்றித் தருவார்கள். அறுபது நிமிட நாடாவில் இடம் பத்தாவிட்டால் பாட்டு நடுவிலேயே கட்டாகிவிடும். அந்த வெட்டுகளையே அசல் என்று நம்பி நான் பத்து வருஷம் வாழ்ந்தவன். ஒரு பாட்டின் முடிவைப் பிற்பாடு முழுசாகக் கேட்டபோது ஏதோ தவறான பிரதியை வாங்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

இன்னொரு சின்ன விஷயம். தலைப்புப் பாட்டுக்கு சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அணிவகுப்பு இசைக்குழுவை ஆளில்லாத டாட்ஜர் ஸ்டேடியத்தில் நிறுத்தி வாசிக்க வைத்தார்கள். ஜான் மெக்வி அன்று ஊரில் இல்லை. அதனால் வீடியோவில் அவருடைய ஆளுயர அட்டைப்படத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். நம் ஊர் கட்சி மாநாடு தோற்றது.

கருப்பு_வட்டு எழுதியது:

பிளாக் சபாத், பார்ன் அகெய்ன், 1983. அடிக்க வருகிறவர்கள் வரிசையில் வரவும்.

டீப் பர்ப்பிளின் இயன் கில்லன் சபாத்தில் பாடிய ஒரே ஆல்பம். அட்டையில் கொம்பு முளைத்த சிவப்புக் குழந்தை. கில்லனுக்கே அந்த அட்டையைப் பிடிக்கவில்லை. மிக்ஸ், அதாவது ஒலிக்கலவை, எப்படி இருக்கும் என்றால் ஈரக் கம்பளியை ஸ்பீக்கர் மேல் போர்த்தியது போல இருக்கும். சுற்றுப்பயண மேடைக்கு இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி கற்களைச் செய்யச் சொன்னார்கள், அடிக்கணக்கு மீட்டர் கணக்காகிவிட்டது, பல அரங்குகளில் கல் உள்ளேயே நுழையவில்லை.

இடம்: டிஸ்டர்பிங் தி ப்ரீஸ்ட் தொடக்கத்தில் கில்லன் சிரிக்கும் சிரிப்பு. சபாத்தின் முந்தைய பாடகர்களில் ஓஸி பயந்து பாடுவார், டியோ கம்பீரமாகப் பாடுவார். கில்லன் மட்டும்தான் உண்மையிலேயே பேய் பிடித்தவர் மாதிரி பாடுகிறார். அந்தக் குரலுக்கு அந்த அழுக்கு மிக்ஸ்தான் பொருத்தம். துடைத்துச் சுத்தமாக்கினால் கெட்டுவிடும் என்பது என் கட்சி.

தண்டம்: கீப் இட் வார்ம். அவ்வளவுதான்.

எதிர்ப்பாட்டு எழுதியது:

மிக்ஸ் மோசம் என்று நீங்களே சொல்லிவிட்டு மோசம்தான் அழகு என்கிறீர்கள். சாம்பார் தீய்ந்துபோனால் புகைமணம் என்பது மாதிரி.

கருப்பு_வட்டு எழுதியது:

சுட்ட கத்தரிக்காயை என்ன செய்வீர்கள் ஐயா?

தாளக்கட்டு எழுதியது:

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், ஆல்பமும் அப்படித்தான். யெஸ் குழுவின் டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ், 1973.

தெரியாதவர்களுக்கு: இரட்டை எல்பி. மொத்தம் நாலே பாட்டு. ஒரு பக்கத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் இருபது நிமிடம் சுமார். முற்போக்கு ராக் என்றாலே வாய் நீளம் என்று திட்டுகிறவர்கள் முதலில் கையில் எடுக்கும் ஆயுதம் இதுதான். பங்க் வந்ததற்கே இந்த ஆல்பம்தான் காரணம் என்கிற அளவுக்குப் பேசுவார்கள்.

அது பிறந்த கதை நமக்கு நெருக்கமானது. டிரம்மர் பில் புரூஃபோர்டின் கல்யாணத்தில் கிங் கிரிம்சன் குழுவின் ஜேமி மியூர், யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சனிடம் பரமஹம்ச யோகானந்தரின் "ஒரு யோகியின் சுயசரிதை" பற்றிச் சொல்கிறார். பிறகு டோக்கியோ ஓட்டல் அறையில் அதைப் படித்துக்கொண்டிருந்த ஆண்டர்சன் கண்ணில் ஓர் அடிக்குறிப்பு படுகிறது. சாத்திரங்கள் நான்கு வகை: சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். அவ்வளவுதான். அந்த அடிக்குறிப்பிலிருந்து நாலு பக்கம், 80 நிமிடம். அவரும் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹௌவும் பயண ஓட்டல்களில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு எழுதினார்கள்.

அடிக்குறிப்பிலிருந்து 80 நிமிடமா என்று சிரிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ராகம் தானம் பல்லவியில் பல்லவி எத்தனை வரி? ஒன்று. அதை வைத்து எவ்வளவு நேரம் பாடுகிறார்கள்? அப்போது யாராவது "ஒரு வரிக்கு இவ்வளவா" என்று கேட்டதுண்டா? விதை சின்னதாக இருப்பது குற்றமில்லை.

இடம்: முதல் பக்கத்தின் தொடக்கம். ஆண்டர்சன் கிட்டத்தட்ட ஒரே சுரத்தில் நின்றுகொண்டு சொற்களை அடுக்கிக்கொண்டே போவார். அடியில் மற்றக் கருவிகள் மெல்ல மெல்லச் சேரும். அர்த்தம் தேடாதீர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே அர்த்தம் கிடையாது. பாராயணம் கேட்டுப் பழகிய காதுக்கு அது என்ன வேலை செய்கிறது என்று உடனே தெரிந்துவிடும். அப்புறம் மூன்றாம் பக்கத்தின் கடைசி ஐந்தாறு நிமிடம்: அதுவரை நடந்த அத்தனை கலாட்டாவும் ஓய்ந்து ஹௌவின் அகூஸ்டிக் கிட்டார் மட்டும் வரும். திருவிழா முடிந்த மறுநாள் காலைத் தெரு.

தண்டம்: அதே மூன்றாம் பக்கத்தின் முதல் பாதி. மிருதங்கம் கற்றுக்கொண்ட எனக்கே தாளம் தப்புகிறது என்றால் பாருங்கள்.

எதிர்ப்பாட்டு எழுதியது:

பல்லவி ஒப்பீடு கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் செல்லாது. பல்லவி பாடுகிறவர் அதே வரியை அதே தாளத்துக்குள் வைத்துக்கொண்டு காலத்தை மாற்றுவார், நடையை மாற்றுவார், சுரம் போட்டுவிட்டு அச்சு மாறாமல் அதே இடத்தில் வந்து இறங்குவார். எங்கே கிளம்பினார், எங்கே வந்து சேர்ந்தார் என்று சபையே கணக்கு வைத்திருக்கும். டேல்ஸில் எந்த வரி திரும்பி வருகிறது, எதற்காக வருகிறது என்று உங்களால் சொல்ல முடியுமா? அது பல்லவி இல்லை, முடிக்கத் தெரியாத ஆலாபனை.

ரிக் வேக்மனே இதைத்தானே சொன்னார்? ஓர் எல்பிக்கு அதிகம், இரண்டு எல்பிக்குக் குறைவு, அதனால் இட்டு நிரப்பினோம் என்று. கீபோர்டு வாசித்த ஆளுக்கே பொறுக்கவில்லை.

தாளக்கட்டு எழுதியது:

வேக்மனை யாராவது இழுப்பீர்கள் என்று காத்திருந்தேன்.

அவர் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மான்செஸ்டர் கச்சேரி. ஆர்கனை ரிப்பேர் பார்க்க உதவியாளர் ஒருவர் மேடையிலேயே அதன் அடியில் படுத்திருப்பார். கச்சேரி முடிந்ததும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்க, வேக்மன் சிக்கன் விந்தாலு, புலாவ், அப்பளம், வெண்டைக்காய் என்று ஒரு பட்டியலே சொல்கிறார். ஆள் அதை அப்போதே வேண்டும் என்று புரிந்துகொண்டு கொஞ்ச நேரத்தில் பொட்டலத்தோடு வந்துவிட்டார். வேக்மன் அதைக் கீபோர்டு மேல் பரப்பி வைத்து மேடையிலேயே சாப்பிட ஆரம்பித்தார். சாத்திரம் நான்கையும் பற்றிய பாட்டு ஒரு பக்கம், வெண்டைக்காய்ப் பொரியல் இன்னொரு பக்கம்.

நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கினதும் பாதிப் பேர் எழுந்து காண்டீனுக்குப் போவார்களே, அதனால் மிருதங்கம் மட்டமாகிவிடுமா? வேக்மன் எழுந்து போக முடியாததால் காண்டீனை வரவழைத்துக்கொண்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பி_சைடு எழுதியது:

இதற்கு ஒரு சுற்று காபி என் கணக்கில்.

காந்த_நாடா எழுதியது:

பதிவின்போதும் வேக்மனுக்கு அந்த ஸ்டூடியோவில் பொழுது போகவில்லை. லண்டனில் அதே மோர்கன் ஸ்டூடியோவில் பக்கத்தில் சபாத் வேலை செய்துகொண்டிருந்தது. அங்கே போய் சாப்ரா கடாப்ரா பாட்டுக்கு வாசித்துவிட்டு வந்தார். கருப்பு_வட்டு மகிழ்வாராக.

இயர்போன் எழுதியது:

இந்தக் குழுமத்துக்கு நான் புதுசு, படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆனால் இந்த ஆல்பத்துக்கு யாரும் வரவில்லை என்றதும் கை பரபரத்தது. நீல் யங், ட்ரான்ஸ்.

1982 கடைசியில் வந்தது. அகூஸ்டிக் கிட்டாரும் ஹார்மோனிக்காவும் வைத்துப் பாடும் மனிதர், திடீரென்று வோகோடர் வழியாக இயந்திரக் குரலில் பாடுகிறார். ஒன்பதில் ஆறு பாட்டு அப்படி. பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற பழைய குழுவில் இருந்த காலத்தில் தானே எழுதிய மிஸ்டர் சோல் பாட்டைக்கூட விடவில்லை, அதையும் ரோபோவுக்குக் கொடுத்துவிட்டார். ரசிகர்கள் கேலி செய்கிறாரா என்று குழம்பினார்கள். அடுத்து வந்த "எவ்ரிபடீஸ் ராக்கின்" 25 நிமிடம்கூட ஓடாத பழைய பாணி ராக் அண்ட் ரோல் ஆல்பம். 1983 கடைசியில் அவர் ஆல்பங்களை வெளியிட்ட கெஃபன் ரெக்கார்ட்ஸ் நிறுவனமே அவர் மேல் 33 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. நீல் யங் செய்வது நீல் யங் மாதிரி இல்லை என்பதுதான் புகாரின் சாரம். பிறகு நிறுவன முதலாளி டேவிட் கெஃபன் மன்னிப்புக் கேட்டார்.

அந்த நேரத்தில் யங் யாரிடமும் சொல்லாத விஷயம் இது. அவருடைய மகன் பென் 1978இல் பிறந்தவன், மூளை முடக்குவாதம், பேச்சு வராது. ஒரு நாளின் பெரும்பகுதி அவனுக்குப் பயிற்சி கொடுப்பதிலேயே போய்க்கொண்டிருந்தது. பேச முயன்றும் புரியாமல் போகும் ஒரு குரல், அதுதான் ட்ரான்ஸ். ட்ரான்ஸ்ஃபார்மர் மேன் அந்தப் பையனுக்கான பாட்டு. பொத்தானை அழுத்தி இயக்குவது பற்றி அதில் வரும். பின்னாளில் பென் பெரிய பொத்தான்களை அழுத்தி பொம்மை ரயிலை ஓட்டும்படி யங் கருவிகள் செய்து கொடுத்தார்.

நான் சிறப்புப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் ஒன்பது வயதுப் பையன் ஒருவன். டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் அது பேசும். காலையில் அம்மா விட்டுவிட்டுக் கிளம்பும்போது அவன் தொடுவான், கருவி "அம்மா", "போ", "அப்புறம்", "வா" என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லும். அந்த அம்மா ஒரு நாளும் கருவியைப் பார்த்துப் பதில் சொன்னதில்லை. குனிந்து அவன் கண்ணைப் பார்த்து, "சரிடா, மூணு மணிக்கு வந்துடுவேன்" என்பார். ட்ரான்ஸ்ஃபார்மர் மேன் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்தான்.

தண்டம்: வீ ஆர் இன் கன்ட்ரோல். போக்குவரத்து விளக்கு அறிவிப்பு மாதிரி.

எதிர்ப்பாட்டு எழுதியது:

வாங்க இயர்போன். நல்ல பதிவு. முதல் நாளே சண்டை போடுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்து எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அடைத்தது உங்கள் பள்ளி வாசலைப் படித்து. ஆல்பத்தைக் கேட்டு இல்லை. மகன் கதை தெரியாமல் 1983இல் ட்ரான்ஸை வாங்கியவன் முட்டாளா? அவன் காதில் விழுந்தது சாவி கொடுத்த பொம்மை பாடுவது போல ஒன்று. கதை தெரிந்தபின் மனசு இளகுகிறது என்றால், பாட்டுக்கு நாம் போடும் மதிப்பெண்ணா அது, அப்பாவுக்குப் போடும் மதிப்பெண்ணா? இந்த இழையின் தலைப்பே கதை வேண்டாம், இடத்தைக் காட்டு என்பதுதான். நீங்கள் இடம் காட்டவே இல்லை.

இயர்போன் எழுதியது:

நியாயம். இடம் காட்டுகிறேன்.

ட்ரான்ஸ்ஃபார்மர் மேன் பாட்டில் பல்லவிக்குப் போகும்போது இயந்திரக் குரல் ஒன்றிலிருந்து பலவாகப் பிரிந்து மேலே ஏறும். கூர்ந்து கேட்டால் அந்த ஏற்றம் முழுக்க முழுக்கப் பழைய நீல் யங். மெல்லிய, உடைந்துவிடுமோ என்று பயப்பட வைக்கும் அதே மேல்ஸ்தாயி. இயந்திரத்தால் அவருடைய தட்டையான உச்சரிப்பைத்தான் மறைக்க முடிந்தது, அந்த ஏற்றத்தை மறைக்க முடியவில்லை. சொல் போய்விடுகிறது, ராகம் மட்டும் தப்பி வருகிறது.

சாட்சி வேண்டுமென்றால் 1993இல் மின்கருவிகளை ஒதுக்கிவிட்டுப் பாடும் எம்டிவி அன்ப்ளக்ட் நிகழ்ச்சியில் அதே பாட்டை வோகோடர் இல்லாமல் பாடினார். அதைக் கேட்டுவிட்டு யாருக்கும் கதை சொல்லத் தேவையில்லை. மெட்டு தாலாட்டு. பத்து வருஷம் முன்னால் ரோபோ வாயில் இருந்ததும் அதே தாலாட்டுதான். ஒரு சுரம் மாறவில்லை.

எதிர்ப்பாட்டு எழுதியது:

இப்போதுதான் கேட்டேன், அன்ப்ளக்ட். சரி. மெட்டு நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படியானால் வோகோடர் பிரதியை எதற்குக் கேட்க வேண்டும்?

இயர்போன் எழுதியது:

அன்ப்ளக்டில் எல்லாச் சொல்லும் புரிகிறது. அதனால்.

நெறியாளர் எழுதியது:

கள்ளப்பிரதி இணைப்புகள் இரண்டு நீக்கப்பட்டன. போட்டவருக்கே தெரியும். இழை நன்றாகப் போகிறது, தொடரவும்.

பனிக்காலம் எழுதியது:

பிங்க் ஃபிளாய்ட், தி ஃபைனல் கட், 1983.

இதை ரோஜர் வாட்டர்ஸின் தனி ஆல்பம் என்றுதான் எல்லாரும் கதைப்பினம். அட்டையிலேயே எழுதியது ரோஜர் வாட்டர்ஸ், வாசித்தது பிங்க் ஃபிளாய்ட் என்று போட்டிருக்கிறது. கீபோர்டு வாசிக்கும் ரிக் ரைட் இல்லை. கிட்டாரிஸ்ட் கில்மோர் முன்னுக்கு வந்து பாடுவது ஒரே ஒரு பாட்டில், நாட் நவ் ஜான். எனக்கு அதுதான் தண்டம். சத்தம் மட்டும்.

வாட்டர்ஸின் தகப்பன் 1944இல் இத்தாலியில் அன்சியோ சண்டையில் செத்தவர். பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். 1982இல் அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லண்ட் சண்டைக்கு இங்கிலாந்து கப்பல் அனுப்பினபோது வந்த கோபம்தான் இந்த ஆல்பம். தகப்பனுக்கே காணிக்கை.

கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் நூலகத்தில் இரவல் எடுத்த கேசட்டில் கேட்டேன். இங்கிலிஷ் அரைகுறை. தி கன்னர்ஸ் ட்ரீம் என்ற பாட்டில் வானத்தில் இருந்து விழுந்து சாகப்போகிற ஒருவன் கனவு காண்கிறான். பெரிய கனவொன்றும் இல்லை. படுக்க இடம், சாப்பிடப் போதுமான சாப்பாடு, ஒருவரும் காணாமல் போகாத ஊர், இரவில் கதவை உதைக்கிற சத்தம் கேட்காத வீடு. இந்த வரி எனக்கு விளங்க அகராதி தேவைப்படவில்லை.

இடம் கேட்டீர்கள். அதே பாட்டில் வாட்டர்ஸ் "கனவு" என்ற சொல்லை இழுத்துக் கத்துவார். மூச்சு முடிகிற இடத்தில் அதே சுரத்தைச் சாக்ஸஃபோன் எடுத்துக்கொள்ளும். குரல் எங்கே நின்றது, சாக்ஸஃபோன் எங்கே தொடங்கியது என்று முப்பது வருஷமாக எனக்குப் பிடிபடவில்லை.

பி_சைடு எழுதியது:

பனிக்காலம், அந்த இடத்தை இப்போது மூன்று தடவை ஓட்டிக் கேட்டேன். எனக்கும் பிடிபடவில்லை.

ஆல்பத்தோடு எனக்கு இன்னும் பிணக்கு உண்டு, மறைக்கவில்லை. தி ஃபிளெச்சர் மெமோரியல் ஹோமில் ரீகன், தாட்சர், பிரெஷ்னேவ், பெகின் என்று அன்றைய நாட்டுத் தலைவர்களைப் பேர் பேராக வாசிக்கும்போது மேடைப் பேச்சு ஆகிவிடுகிறது. கில்மோர் கிட்டார் வரும் இடங்களில் மட்டும் மூச்சு விட முடிகிறது. ஆனால் அந்தச் சாக்ஸஃபோன் இடத்துக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

காந்த_நாடா எழுதியது:

நான் சுருக்கமாக. பாப் டிலனின் செல்ஃப் போர்ட்ரெய்ட், 1970, 24 பாட்டு. ரோலிங் ஸ்டோன் இதழில் கிரெய்ல் மார்கஸின் விமர்சனம் "என்ன கண்றாவி இது?" என்கிற தோரணையில்தான் தொடங்கியது. அசல் சொல் இதைவிட நாற்றம். முதல் பாட்டில் டிலன் பாடவே இல்லை, பெண்கள்தான் பாடுகிறார்கள். இடம்: காப்பர் கெட்டில். சாராயம் காய்ச்சுவது பற்றிய பழைய பாட்டை இவ்வளவு பக்தியோடு யாரும் பாடியதில்லை. தண்டம்: தி பாக்ஸர், இரண்டு டிலன்கள் ஒருவருக்கொருவர் ஒத்துவராமல் பாடுகிறார்கள்.

2013இல் பழைய நாடாக்களை எடுத்து, நாஷ்வில்லில் ஏற்றிய வயலின், கோரஸ் மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு வெளியிட்டபோது எல்லோரும் ஆகா என்றார்கள். அதற்கு உரை எழுதியவர்களில் ஒருவர் அதே மார்கஸ்.

எதிர்ப்பாட்டு எழுதியது:

அப்படியென்றால் ஜெயித்தது 2013 ஆல்பம். 1970இல் காசு கொடுத்து வாங்கியவனுக்கு மேல்பூச்சோடுதான் கிடைத்தது. மார்கஸ் அன்று கேட்டதை வைத்து அன்று எழுதினார். அந்த மனிதர் சரி.

கருப்பு_வட்டு எழுதியது:

எதிர்ப்பாட்டு ஐயா, எல்லோர் வீட்டிலும் புகுந்து குறை சொல்லியாயிற்று. உங்கள் ஆல்பம் எது? ஒன்றுகூட இல்லை என்றால் நம்ப மாட்டேன்.

எதிர்ப்பாட்டு எழுதியது:

இருக்கிறது. லெட் செப்பலின், பிரசென்ஸ், 1976. வந்ததும் முதலிடம் பிடித்தது, வந்த வேகத்தில் மறந்தும்விட்டார்கள். வறண்ட ஆல்பம் என்பார்கள். ஆமாம், வறண்டதுதான். கீபோர்டு கிடையாது, நாட்டுப்புற மென்மை கிடையாது.

கதை எதுவும் சொல்ல மாட்டேன். இடம் மட்டும். அகிலீஸ் லாஸ்ட் ஸ்டேண்ட், முதல் பாட்டு, பத்து நிமிடத்துக்கு மேல். தூரத்திலிருந்து ஒரு கிட்டார் சுற்றிச் சுற்றி நெருங்கி வரும். திடீரென்று ஜான் பால் ஜோன்ஸின் எட்டுக் கம்பி பேஸ் குதிரைக் குளம்படி போலக் கிளம்பும். அதன் மேல் பான்ஹாமின் டிரம்ஸ். பத்து நிமிடமும் அந்தக் குதிரை ஓட்டத்தைக் குறைக்காது. பேஜ் அதன் மேல் கிட்டார் மேல் கிட்டாராக அடுக்குவார், எந்த அடுக்கும் இன்னொன்றை மிதிக்காது. கடைசியில் எல்லாம் உதிர்ந்து, முதலில் கேட்ட அதே சுற்று கிட்டார் தனியாக வந்து மறையும். தாளக்கட்டு கவனிக்க: கிளம்பின இடத்திலேயே வந்து இறங்குகிறார்கள்.

தண்டம்: ராயல் ஆர்லீன்ஸ்.

தாளக்கட்டு எழுதியது:

கதை சொல்ல மாட்டாராம். நான் சொல்கிறேன். 1975 ஆகஸ்ட்டில் கிரீஸில் ரோட்ஸ் தீவில் கார் விபத்து. ராபர்ட் பிளான்ட்டுக்குக் கால் நொறுங்கிவிட்டது. மியூனிக்கில் ஓர் ஓட்டலின் அடித்தளத்தில் இருந்த மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். அடுத்து ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அங்கே வர வேண்டியிருந்ததால் பதினெட்டே நாளில் முடித்தார்கள். நடக்க முடியாத பாடகர், நிற்காமல் ஓடும் பாட்டு, தலைப்பில் குதிகாலில் அடிபட்டுச் செத்த கிரேக்கக் கதை வீரன் அகிலீஸ். இதெல்லாம் உங்கள் காதில் விழவே இல்லையா?

எதிர்ப்பாட்டு எழுதியது:

பதினைந்து வயதில் கேட்டபோது தெரியாது. இப்போது தெரியும்.

சரி, தெரிந்தபின் கொஞ்சம் வேறு மாதிரிதான் கேட்கிறது. எழுதியாயிற்று, மேற்கோள் காட்டிக் கழுத்தறுக்காதீர்கள்.

காந்த_நாடா, வெட்டாத சாரா எதில் கிடைக்கும்?

காந்த_நாடா எழுதியது:

2004இல் வந்த மறுபதிப்பில் முழுசாக இருக்கிறது. பி_சைடும் வாங்கிக்கொள்ளவும், பழைய சிடியை அறை நண்பருக்குத் திருப்பித் தரவும்.

எதிர்ப்பாட்டு எழுதியது:

கேட்டேன். இரவு பதினோரு மணி, ஹெட்போன். நாலரை நிமிடத்தில் முடிந்துவிடும் என்று கை தன்னால் நிறுத்தும் பொத்தானுக்குப் போனது, பாட்டு போய்க்கொண்டே இருந்தது. மிக் ஃப்ளீட்வுட் டிரம்ஸை அடிக்கவே இல்லை, வாசல் பெருக்குவது மாதிரி தடவிக்கொண்டே இருக்கிறார். இரண்டாம் முறையும் போட்டேன்.

தி லெட்ஜ் இன்னும் தாங்கவில்லை. மனைவி கதவைத் திறந்து, "மறுபடியும் அந்த ரிப்பேர் பாட்டா?" என்றார்.